நிலமும் எழுத்தும்



வேடந்தாங்கலைப் பறவைகளுக்காக உலகம் அறியும். இதே மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளத்தில்தான் இரட்டைமலை சீனிவாசன் பிறந்தார்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், நம் மக்களின் நிலமற்ற நிலையை அறிக்கையாக்கினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. 1893இல் சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். வசையாக எறியப்பட்ட பெயரையே தலைப்பாக்கினார். நிலக் கோரிக்கையும் நம் எழுத்தும் ஒரே காலத்துப் பிள்ளைகள்.

ஸ்பெயினில் 1939இல் வென்ற பிராங்கோ, கட்டலான் மொழி அச்சேறுவதை ஒடுக்கினார். அங்கே அரசு மொழியைத் தடுத்தது. இங்கே மொழிக்குத் தடையில்லை. அதை யார் படிக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. அதே 1939இல் சீனிவாசன் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்று தன் வரலாற்றை வெளியிட்டார். பாமாவின் ‘கருக்கு’ வந்தது 1992இல். தமிழில் தலித் தன்வரலாறு தொண்ணூறுகளில்தான் தொடங்கியது என்று யாராவது பாடம் நடத்தினால், எழுந்து மறுத்துச் சொல்லுங்கள்.

1994இல் காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள்.

உங்கள் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் பதிவேட்டைத் தேடுங்கள். பாட்டிமார் சொல்வதை எழுதி வையுங்கள். இரண்டும் நம் ஆவணங்களே. ஜெய்பீம்.