கொடுத்த வாக்குக்கு வாரிசு யார்?



போர்க்களத்தில் படைபலத்தையும் உள்ளூர்க் கூட்டாளிகளோடு வளர்க்கும் தனிப்பட்ட நம்பிக்கையையும் எப்படிச் சேர்த்து நடத்துவது என்பதைப் பற்றி இந்தக் கருத்தரங்கில் இரண்டு நாள் பேச இருக்கிறோம். தலைமையுரை நிகழ்த்துபவர் பொருளின் எல்லைகளையெல்லாம் ஒருமுறை சுற்றிவருவது வழக்கம். நான் ஒரே ஊரில் நிற்க விரும்புகிறேன். இராக்கின் மேற்கே, யூப்ரடீஸ் ஆற்றங்கரையில், அன்பார் மாகாணத்தின் தலைநகரான ரமாதி.

அன்பாரில் அமெரிக்கப் படை நம்பிக்கையோடு தொடங்கவில்லை. 2003 ஏப்ரலில் அருகிலிருந்த ஃபலூஜாவில், ஒரு பள்ளிக் கட்டடத்தில் தங்கியிருந்த படையினர் ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது சுட்டார்கள். 2005 நவம்பரில் ஹதீதாவில் 24 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, அமெரிக்க மரைன் வீரர்களால் கொல்லப்பட்டார்கள். படையெடுத்து வந்தவர்கள் தேடும் நட்பைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் விட்டுவிட்டுப் பேசுவது ஆய்வுக்கு நேர்மையாகாது. 2006 ஆகஸ்டில் மரைன் உளவுப் பிரிவின் அறிக்கை ஒன்று, அன்பார் அரசியல்ரீதியில் கைவிட்டுப்போன நிலையில் இருப்பதாகவே எழுதியது.

அந்தக் கோடையில்தான் கர்னல் ஷான் மெக்ஃபார்லண்ட் தம் படைப்பிரிவோடு ரமாதிக்கு வந்தார். ஊருக்கு வெளியே பெரிய தளத்தில் இருந்துகொண்டு ரோந்து போய்த் திரும்புவதை விட்டு, தெருக்களுக்குள்ளேயே சிறு சிறு காவல் முகாம்களை அமைத்தார். அல்-காய்தாவோ தன் பங்குக்குப் பெரும் பிழை ஒன்றைச் செய்தது. காவல்துறைக்கு ஆள் அனுப்பிய ஒரு குலத்தலைவரைக் கொன்று, உடலை மறைத்து, உரிய நேரத்தில் அடக்கம் செய்யவிடாமல் தடுத்தது. அந்த மண்ணில் கொலையைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பார்கள். பிணத்துக்குச் செய்த அவமதிப்பைப் பொறுக்கவில்லை. 2006 செப்டம்பரில் ஷேக் சத்தார் அபூ ரிஷாவின் தலைமையில் குலத்தலைவர்கள் கூடி, அல்-காய்தாவுக்கு எதிராக 'விழிப்பு' இயக்கத்தை அறிவித்தார்கள். தந்தையையும் சகோதரர்களையும் அல்-காய்தாவிடம் பறிகொடுத்தவர் சத்தார். பெரிய குலத்தின் தலைவருமல்ல, கறையற்ற மனிதர் என்று பெயர் எடுத்தவருமல்ல. கடத்தல்காரர் என்ற பேச்சு அவரைச் சுற்றி இருந்தது. போர்ப் பகுதியில் கிடைக்கும் கூட்டாளி பெரும்பாலும் இப்படித்தான் இருப்பார்.

அவரோடு உட்கார்ந்து பேசியவர் கேப்டன் டிராவிஸ் பாட்ரிக்வின். அரபு மொழி அறிந்தவர். அவ்வூர் ஆண்களைப் போல மீசை வளர்த்துக்கொண்டு, மணிக்கணக்கில் தேநீர் குடித்து, அவர்களின் குறைகளைக் கேட்டவர். குலங்களோடு எப்படிப் பழக வேண்டும் என்று குச்சி மனிதர்களை வரைந்து அவர் உருவாக்கிய விளக்கப்படம் உலகம் முழுவதும் பரவியது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தேநீரோடும் மீசையோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

தேநீர் மட்டும் போதுமென்றால் அன்பாரின் குலத்தலைவர்கள் முன்பே அமெரிக்கர் பக்கம் திரும்பியிருப்பார்கள். 2006-இன் தொடக்கத்தில் அப்படி ஒரு முயற்சி நடந்தது. காவல்துறையில் சேர வரிசையில் நின்ற இளைஞர்கள் மீது ரமாதியில் குண்டு வெடித்தது. முன்வந்த தலைவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்பட்டார்கள். அவர்களைக் காக்க யாரும் இருக்கவில்லை. மெக்ஃபார்லண்டின் காலத்தில் மாறியது இதுதான். காவல்துறையில் சேருபவர் தம் வீட்டாரை விட்டுத் தொலைவில் போய்ப் பணிபுரிய வேண்டியதில்லை, தம் பகுதியிலேயே காவல் நிற்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். குலங்கள் வாழும் இடத்திலேயே காவல் நிலையம் எழுந்தது. சத்தாரின் வீட்டருகே ஓர் அமெரிக்க டாங்கி நின்றது.

2006 நவம்பர் 25 அன்று, ரமாதிக்குக் கிழக்கே சூஃபியா பகுதியில் அல்பு சோதா என்ற குலத்தை அல்-காய்தா தாக்கியது. அந்தக் குலம் அதுவரை 'விழிப்பு' இயக்கத்தில் சேரவே இல்லை. எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் கிடையாது. மெக்ஃபார்லண்ட் கையிலிருந்த வேலையை ஒதுக்கிவைத்துப் படைகளை அங்கே திருப்பினார். வானூர்திகள் தாழப் பறந்து தாக்கியவர்களை விரட்டின. அதன்பின் அந்தக் குலமும் இயக்கத்தில் சேர்ந்தது. படைபலத்தையும் நம்பிக்கையையும் தராசின் இரு தட்டுகளாக வைத்துப் பேசுவது நம் துறையின் பழக்கம். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்று நினைக்கிறோம். சூஃபியாவில் படைபலம்தான் நம்பிக்கையாக மாறியது. யாருடைய உயிரைக் காக்கத் துப்பாக்கி திரும்புகிறது என்பதை அம்மக்கள் தம் கண்ணால் பார்த்தார்கள். அது யார் மீது திரும்பியது என்பதை ஹதீதாவிலும் அன்பார் மக்கள் பார்த்திருந்தார்கள்.

இனி, என்னை உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். சூஃபியாவுக்குப் பதினொரு நாள் கழித்து, டிசம்பர் 6 அன்று, சாலையோரக் குண்டில் பாட்ரிக்வின் இறந்தார். அவருடைய நினைவுக் கூட்டத்துக்குக் குலத்தலைவர்கள் வந்தார்கள். ஒரு காவல் நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 3 அன்று சத்தார் அமெரிக்க அதிபர் புஷ்ஷைச் சந்தித்தார். பத்தாம் நாள் குண்டுக்கு இரையானார். வாக்குக் கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை.

அன்பாரைப் பார்த்து, பாக்தாத்திலும் பிற மாகாணங்களிலும் 'இராக்கின் மைந்தர்கள்' என்ற பெயரில் சுமார் ஒரு லட்சம் பேர் சேர்க்கப்பட்டார்கள். மாதம் ஏறத்தாழ 300 டாலர் ஊதியம். 2008 அக்டோபரில் அமெரிக்கர்கள் அவர்களை இராக்கிய அரசிடம் ஒப்படைக்கத் தொடங்கினார்கள். ஐந்தில் ஒரு பங்கினரைப் பாதுகாப்புப் படைகளில் சேர்ப்பதாகவும், மற்றவர்களுக்கு வேறு வேலை தருவதாகவும் சொல்லப்பட்டது. அந்த அரசோ இவர்களை என்றுமே நம்பியதில்லை. ஊதியம் தாமதமானது, சிலர் கைதானார்கள், வேலைக்காகப் பலர் காத்தே கிடந்தார்கள். ஒரு கேப்டன் தேநீர்க் கோப்பையோடு கொடுத்த சொல்லை ஊதியப் பட்டியலாக மாற்றி இன்னோர் அரசின் கையில் திணித்துவிட்டு, கடமை முடிந்தது என்று அமெரிக்கர்கள் கிளம்பினார்கள். இதை நான் நம்பிக்கைத் துரோகம் என்றே சொல்வேன். 2014-இல் ஐ.எஸ். படை அன்பாருக்குள் நுழைந்தபோது, எதிர்த்து நின்ற அல்பு நிம்ர் குலத்தில் பல நூறு பேர் கொன்று குவிக்கப்பட்டார்கள். 2015 மே மாதம் ரமாதியும் வீழ்ந்தது.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அன்பார் பற்றி அமெரிக்க மரைன் பல்கலைக்கழகம் 2009-இல் இரு தொகுதிகள் வெளியிட்டது. முதலாவதில் அமெரிக்கர்கள் பேசுகிறார்கள், இரண்டாவதில் இராக்கியர்கள் பேசுகிறார்கள். முதல் தொகுதியை மட்டும் படித்துவிட்டு எழுதியதுபோல் தோன்றும் கட்டுரைகளே நம் துறையில் மிகுதி. இந்த இரண்டு நாள்களில் ஒவ்வொரு கட்டுரையும் வாசிக்கப்பட்டு முடிந்ததும், அந்த உள்ளூர்க் கூட்டாளிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கட்டுரையாளரைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கட்டுரை இன்னும் முடியவில்லை என்று அவரிடம் அன்போடு சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.