எக்கலை வெல்லும்?



ஆமூர் என்பது கடுங்கள்ளுக்குப் பெயர்பெற்ற பழந்தமிழ் ஊர். அவ்வூரில் மல்லன் ஒருவன் இருந்தான். அவனோடு பொருதவன் சோழர்குடியிற் பிறந்த போரவைக் கோப்பெருநற்கிள்ளி. அம்மற்போரைச் சாத்தந்தையார் என்னும் புலவர் பாடியுள்ளார். புறநானூற்றில் 80ஆம் பாட்டு அது. கிள்ளி ஒரு காலை மல்லன் மார்பில் ஊன்றினான். மறுகாலால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் வளைத்தான். பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோல் தலையும் காலும் ஒருங்கே ஒடிய மோதினான். மகிழினும் மகிழாவிடினும் அவன் தந்தை தித்தன் இதனைக் காண்பானாக என்கின்றார் புலவர்.

இப்பாட்டில் ஒன்று கருதத்தக்கது. கிள்ளி எந்த ஆசானிடம் பயின்றான், அவன் கலை எத்துணை நூற்றாண்டுத் தொன்மையது என்பன பற்றிப் புலவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கால் எங்கே இருந்தது என்பதையே சொன்னார். எதிரியும் வாளாவிருக்கவில்லை, சூழ்ச்சி செய்துகொண்டே இருந்தான் என்பதையும் சொன்னார்.

இன்று தமிழ்நாட்டு இளைஞரிடையே நிகழும் வழக்கு வேறு. கராத்தே பெரிதா, சிலம்பம் பெரிதா? குங்பூ வெல்லுமா, களரி வெல்லுமா? இவ்வழக்கில் கலையின் தொன்மையும் ஆசானின் பெயருமே சான்றுகளாகக் காட்டப்பெறுகின்றன. எம் ஆசான் ஒரு விரலால் யானையை வீழ்த்துவார் என்பாரும் உளர். யானையை எவரும் அழைத்து வந்ததில்லை.

இது வாய்ப்பேச்சோடு நின்றால் கேடில்லை. ஆனால் மகளைத் தற்காப்புக்கலை பயில அனுப்பும் தாய், அக்கலை தன் மகளைக் காக்கும் என்று நம்பியே திங்கள்தோறும் கட்டணம் செலுத்துகின்றாள். ஆகலின் இவ்வழக்குக்குச் சான்றோடு கூடிய விடை வேண்டும். அச்சான்று ஏறத்தாழ 140 ஆண்டுகளாகச் சப்பானில் தொடங்கிப் பல நாடுகளிலும் திரண்டு கிடக்கின்றது.

சப்பானில் 1860இற் பிறந்தவர் கானோ சிகோரோ. சிற்றுடம்பினர், பள்ளிப் பருவத்தில் வலிய மாணவரிடம் அடிபட்டவர். வாளேந்திய பழம்போராளர் குடிகளின் மற்பிடிக்கலை மதிப்பிழந்து கிடந்த காலத்தில் அதனை இரண்டு மரபுகளில் முயன்று கற்றார். 1882இல் தோக்கியோவில் ஒரு புத்தப்பள்ளியின் பன்னிரண்டு பாய் விரித்த சிற்றறையில், விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரோடு கொடோகன் என்னும் பயிலகத்தைத் தொடங்கினார். அங்கே அவர் வகுத்த கலையே யூடோ.

கானோ செய்த மாற்றம் வியப்பானது. பழங்கலையில் கொடியன எனப் பெயர்பெற்ற அடிகளையும் விரல் முறிக்கும் பிடிகளையும் எதிர்த்தாடும் பயிற்சியிலிருந்து விலக்கிவிட்டார். அவை தனித்த வடிவப் பயிற்சியில் மட்டும் நின்றன. எஞ்சியவற்றை மாணவர் நாடோறும் முழுவலிமையோடு, விட்டுக்கொடாத எதிரியின்மேல் செய்து பழகினர். பழைய ஆசான்மார்க்கு இது நகைப்பாயிருந்திருக்கும். நஞ்சைப் பிடுங்கிய பாம்பு எவரைக் கடிக்கும்?

கடித்தது. 1880களில் தோக்கியோ காவல்துறை நடத்திய போட்டிகளில் கொடோகன் மாணவர் பழைய மரபினரைப் பெரும்பாலும் வென்றனர். கரணியம் எளிது. கொல்லும் பிடியை எவரும் தோழன்மேல் முழுவலிமையோடு செய்து பார்க்க முடியாது. ஆதலால் அது வாழ்நாள் முழுதும் பாவனையாகவே நின்றுவிடுகின்றது. தூக்கி எறிதலையோ ஆயிரமுறை செய்து பார்க்கலாம். எறிய வருபவனைத் தடுத்தலையும் ஆயிரமுறை செய்து பார்க்கலாம். கொடியது எனப்பட்ட கலை ஏட்டில் இருந்தது. விளையாட்டு எனப்பட்டது உடம்பில் இருந்தது.

அதனால் யூடோவே அனைத்தினும் சிறந்தது என்று முடிவுகட்டலாகாது. தனபே மத்தாயெமோன் என்பார் நிலத்திற் கிடந்து பொருவதில் வல்லவர். நின்று எறிவதில் தேர்ந்த கொடோகன் மாணவரை நிலத்திற்கு இழுத்து வென்றார். கொடோகன் என்ன செய்தது? நிலப்போரைத் தானும் ஊன்றிப் பயின்றது. தோற்ற பின்னர் ஒரு பயிலகம் செய்யும் வேலையைக் கொண்டே அதன் தகுதியை அளக்கலாம்.

யூடோ சப்பானியர் உடைமை என்னும் எண்ணமும் உடைந்தது. 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் யூடோ முதன்முறையாக இடம்பெற்றது. எடை வரம்பில்லாப் பிரிவின் இறுதிப் போட்டியில் ஆலந்து நாட்டு அந்தோன் கீசிங்கு, சப்பானியர் கமினாகா அகியோவைக் கீழே அழுத்திப் பிடித்து வென்றார். கீசிங்கு ஏறத்தாழ 2 மீட்டர் உயரமானவர். உடற்பருமன் ஒரு பொருட்டன்று, திறமே எல்லாம் என்று பேசியவர்கள் அன்று வாயடைத்துப் போயினர். தம் நாட்டார் களிப்போடு ஆடுவிரிப்பை நோக்கி ஓடிவந்தபொழுது கீசிங்கு கையுயர்த்தித் தடுத்தார். வென்ற கலையின் ஒழுக்கத்தை அக்கலை பிறந்த மண்ணிலேயே அயலார் ஒருவர் காத்துக்காட்டினார்.

கானோவின் விதை இன்னொரு நிலத்திலும் முளைத்தது. கொடோகன் மாணவர் மயேதா மிட்சுயோ 1904இல் கடல்கடந்து, பல நாடுகளிற் பொருது, 1914இல் பிரேசிலை அடைந்தார். பெலேம் நகரில் கார்லோசு கிரேசி என்னும் இளைஞர் அவரிடம் பயின்றார். கிரேசி உடன்பிறந்தார் நிலப்போரையே தம் கலையின் உயிராக்கினர். கார்லோசின் தம்பி எலியோ மெலிந்தவர். வலிமை குறைந்தவனும் கீழே கிடந்தபடியே வெல்லும் வழிகளைத் தேடினார்.

1951ஆம் ஆண்டு அக்டோபரில் இரியோ நகரத்து மரக்கனா அரங்கில் எலியோவுக்கும் சப்பானிய யூடோ வாகையர் கிமுரா மசாகிகோவுக்கும் போர் நிகழ்ந்தது. கிமுரா எலியோவைப் பலமுறை எறிந்தார். இரண்டாஞ் சுற்றில் கையைப் பின்புறம் முறுக்கிப் பூட்டினார். கை முறியும் நிலையிலும் எலியோ தோல்வியை ஒப்பவில்லை. அண்ணன் கார்லோசு துண்டை வீசிப் போரை நிறுத்தினார். அப்பிடிக்குப் பிரேசிலில் அன்றுமுதல் கிமுரா என்றே பெயர். தம்மை வென்றவன் பெயரைப் பிடிக்கு இட்டு, அதையே தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர் கிரேசி குடியினர்.

1993 நவம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் தென்வர் நகரில் எட்டுக் கலையாளர் ஒரே இரவில் பொருதனர். குத்துச்சண்டையர், சுமோ மல்லர், உதைக்கலைஞர் எனப் பலரும் இருந்தனர். எடைப்பிரிவு இல்லை; கடித்தலும் கண்ணைத் தோண்டலும் தவிரப் பெரும்பாலும் தடையும் இல்லை. எலியோவின் மகன் ராய்சு, ஏறத்தாழ 80 கிலோ எடையினர், மூவரை வென்றார். மூன்று போர்க்கும் சேர்த்து ஆன நேரம் ஏறத்தாழ ஐந்து மணித்துளியே. குத்துச்சண்டையர் ஒரு கையில் மட்டும் உறையணிந்து வந்து, கீழே விழுந்தவுடன் செய்வதறியாது தரையைத் தட்டிவிட்டார். நிலத்திற் கிடந்து பொருவது என்னவென்றே அவருக்குத் தெரியாது.

ஒன்றை மறைத்தல் ஆகாது. அப்போட்டியை அமைத்தோருள் ஒருவர் ராய்சின் அண்ணன் இரோரியன். தம் கலையின் சிறப்பைக் காட்டவே அவர் அதனை அமைத்தார். இருப்பினும் அங்கே கண்டது பொய்யன்று. அதுவே முழுமெய்யும் அன்று. ஏனைய கலையினர் ஏழாண்டிற்குள் நிலப்போரைக் கற்றுக்கொண்டனர். 2000 மே முதல் நாள் தோக்கியோவில் சகுராபா கசுசி என்னும் மற்போராளர், கால எல்லை வேண்டா என்று கிரேசி தரப்பினரே கேட்டுப்பெற்ற ஒழுங்கின்படி ராய்சோடு பொருதார். பதினைந்து மணித்துளிச் சுற்றுகள் ஆறு கழிந்தன. ராய்சால் காலூன்ற இயலவில்லை. அவர் தரப்பினரே துண்டை வீசினர். வென்ற கலை வென்றுகொண்டே இருப்பதில்லை.

களத்தின் ஒழுங்கு மாறினால் முடிவும் மாறும் என்பதற்கு 1976 சூன் 26ஆம் நாள் தோக்கியோவில் நிகழ்ந்த கூத்து சான்று. குத்துச்சண்டை உலக வாகையர் முகம்மது அலியும் சப்பானிய மற்போராளர் அந்தோனியோ இனோகியும் மோதினர். ஒரு முழங்காலேனும் தரையிற் பட்டிருந்தாலன்றி இனோகி உதைக்கலாகாது என்பது போன்ற தடைகளை விதித்தனர். இனோகி பதினைந்து சுற்றும் பெரும்பாலும் மல்லாந்து கிடந்தே அலியின் காலை உதைத்தார். அலி விட்ட குத்துகள் ஒரு கையின் விரல்களைச் சற்றே கடந்தன. வெற்றி தோல்வி இன்றி முடிந்தது. அலியின் கால் மட்டும் மருத்துவமனை கண்டது. குத்துச்சண்டை பெரிதா, மற்போர் பெரிதா என்பதற்கு அங்கே விடை கிடைக்கவில்லை. ஒழுங்கு வகுத்தவனே பாதிப் போரை வென்றுவிடுகின்றான் என்பது மட்டும் தெரிந்தது.

சீனத்தின் செய்தி கசப்பானது. 2017 ஏப்பிரலில் செங்குடு நகரில் சூ சியாதொங்கு என்னும் கலப்புச்சண்டைப் பயிற்றுநர், தாய்ச்சி ஆசான் ஒருவரை இருபது நொடிக்குள் வீழ்த்தினார். தாய்ச்சி உடல்நலத்திற்கு உகந்த கலை என்பதில் ஐயமில்லை. அவ்வாசானோ எதிர்த்தடிப்பவனைப் பயிற்சியிற் கண்டறியாதவர் போல் நின்றார். பலர் சினங்கொண்டது அவர்மீதன்று. மரபை இழிவுபடுத்தினார் என்று சூவின்மீதே.

அத்தகைய சினம் தமிழ்நாட்டிலும் எழக்கூடும். காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே சீனர்க்குப் போர்க்கலை கற்பித்தார் என்னும் செய்தி, 2011இல் வந்த ஏழாம் அறிவு திரைப்படத்திற்குப்பின் வீடுதோறும் பரவியது. போதிதருமரைக் குறிக்கும் மிகப்பழைய சீனக் குறிப்புகளுள் ஒன்று அவரைத் தென்னிந்திய மன்னன் மகன் என்கின்றது. மற்றொன்று பாரசீகத்தார் என்கின்றது. இரண்டிலும் போர்க்கலை பற்றிய சொல்லே இல்லை. அவரைச் சாவோலின் உடற்பயிற்சியோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டினது. அச்செய்தி மெய்யே என்று கொண்டாலும் அதனால் மதுரையிலோ நெல்லையிலோ பயிலும் சிறுவன் ஒருவனின் கை வலிமை பெறுவதில்லை. ஆலந்துக்காரர் யூடோவில் வென்றது பிறப்புரிமையால் அன்று.

குமரிநாட்டு ஆசான்மார் படுவருமம் 12, தொடுவருமம் 96 என 108 வருமங்களைக் கணக்கிடுவர். அவ்வறிவு எலும்பு முறிவுக்கும் நரம்பு நோய்க்கும் மருத்துவமாய்ப் பயன்பட்டு வருகின்றது. போரில் அது பயன்படுமா என்னும் வினாவோ கானோ கண்ட இடரிலேயே வந்து முட்டுகின்றது. படுவருமத்தை மாணவன்மேல் முழுவலிமையோடு செய்து பார்த்தல் இயலாது. நகர்ந்தும் தடுத்தும் திருப்பியடித்தும் நிற்பவன்மேல் அவ்விடத்தைத் தொடுதல் இயலுமா என்பதையேனும் பார்க்கலாமன்றோ? அடிமுறையில் எதிர்த்தாடும் பயிற்சி தரும் ஆசான் அதனைப் பார்க்கின்றார். ஓலைச்சுவடியைக் காட்டிக் கும்பிடச் சொல்பவர் பார்ப்பதில்லை.

சிலம்பம் இதில் நற்பேறு பெற்றது. அதன் தொடுமுறைப் போட்டியில் கோல் எதிரியின் உடம்பைத் தொட்டால் புள்ளி. தொட விடாது தடுக்க எதிரியும் கோலோடு நிற்கின்றான். இருவர் காற்சுவடும் அங்கே மெய்யாகவே ஆய்வுக்கு உள்ளாகின்றது. கோல் சுழற்றி அழகு காட்டும் அலங்கார முறையும் உண்டு. அது கண்ணுக்கு விருந்து. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த இந்திய இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றபின் பயில வரும் சிறுவர்க்கு ஊக்கம் மிகுந்திருக்கும். அவர்கள் எதனைப் பயில்வர் என்பதே வினா. மேடைக்குரிய சுழற்றலை மட்டும் பயின்ற சிறுவன் தன்னைப் போராளி என்று நம்பிவிடுவானாயின், பிழை அவனதன்று. நெற்றி உயரக் கோலேந்தியவனையும் வெறுங்கையனையும் ஒப்பிட்டு எது பெரிது என்று வழக்காடுவதும் வீண். கோல் உள்ளவரை கோலனுக்கே வாய்ப்பு மிகுதி, கோல் கையைவிட்டு நழுவியபின் கதை வேறு.

மகளைப் பயிலகத்திற்கு அனுப்பும் தாய் கலையின் பெயரைக் கேட்க வேண்டுவதில்லை. ஒரு மாலைப்பொழுது வாயிலில் நின்று பார்க்கலாம். பிடித்த கையை விடுவிக்கும் முறையை ஆசான் காட்டும்பொழுது, பிடித்தவன் தானே கையைத் தளர்த்தி விடுகின்றானா, இறுகப் பற்றி இழுக்கின்றானா? மூத்த மாணவர் ஒருவர்க்கொருவர் தோற்கின்றனரா? ஆசானே என்றேனும் மாணவனிடம் வீழ்ந்து எழுந்து, எப்படி வீழ்த்தினாய் என்று அவனைக் கேட்கின்றாரா?