எலுமிச்சை, கரும்பு, ரம்: நம்ம மேசைக்கு ஒரு தி போன்ச்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈசிஆர்ல பாண்டி பக்கம் வர்ற கார்களைப் பார்த்தாலே தெரியும், வெளியூர்க்காரங்க இந்த ஊரை எதுக்கு ஞாபகம் வெச்சிருக்காங்கன்னு. விலை கம்மி, கடை அதிகம். சரி, வாங்குன பாட்டிலை என்ன பண்றாங்க? கோலாவில் கலக்கி நாலு மடக்குல முடிச்சிடறாங்க. கூட வந்தவர்ல ஒருத்தர் குடிக்காதவரா இருந்தா, அவர் கையில கேஸ் போன ஒரு கூல்டிரிங்க். இந்த ரெண்டாவது விஷயம்தான் எனக்கு ரொம்ப உறுத்தும்.

அதனால இன்னைக்கு தி போன்ச். மார்த்தினிக், குவாதலூப் என்கிற கரீபியன் தீவுகளோட டிரிங்க் இது. 'தி' என்பது சின்னது என்று அர்த்தம் தர்ற பிரெஞ்சு சொல்லோட சுருக்கம். ரம், கரும்புச் சிரப், எலுமிச்சை, அவ்வளவுதான். ஷேக்கர் வேண்டாம், குடை குத்தின கிளாஸ் வேண்டாம். மூணையும் மேசையில வெச்சிடுவாங்க. யாருக்கு எவ்வளவு வேணுமோ அவங்களே கலந்துக்கணும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இந்தப் பழக்கம்தான்.

அந்தத் தீவுகளுக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு. 1848-ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறையை ஒழிச்சாங்க. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853-ல் மார்த்தினிக்குக்கும் அடுத்த வருஷம் குவாதலூப்புக்கும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் ஏத்த ஆரம்பிச்சாங்க. அவங்க கிளம்புன முக்கியமான துறைமுகங்கள் நம்ம புதுச்சேரியும் காரைக்காலும். அடுத்த முப்பது முப்பத்தஞ்சு வருஷத்துல மார்த்தினிக்குக்கு சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்கு 40,000-க்கும் மேல. அதுல தமிழர்கள் நிறைய. குவாதலூப்ல இன்னைக்கும் மாரியம்மன் கும்பிடறவங்க இருக்காங்க. இந்த டிரிங்க்கை அவங்கதான் கண்டுபிடிச்சாங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த ரம்முக்கான கரும்பை வெட்டுன கைகள்ல நம்ம ஊர்க் கைகளும் இருந்தது. பீச் ரோட்டுல நின்னு கடலைப் பார்க்கும்போது இதையும் கொஞ்சம் நினைச்சுக்கலாம்.

சரி, கிளாஸுக்கு வருவோம். முதல்ல எலுமிச்சை. வெளிநாட்டு வீடியோவுல 'ஒரு லெமன்'னு சொன்னா, அது தோல் தடிச்ச பெரிய மஞ்சள் பழம். நம்ம எலுமிச்சை அது இல்ல. பிரெஞ்சுல 'சித்ரோன் வேர்', அதாவது பச்சை எலுமிச்சைன்னு சொல்ற லைம் குடும்பத்துக்குத்தான் நம்மது நெருக்கம். தி போன்ச்சுக்கு வேண்டியதும் அதேதான்! பெரிய மார்க்கெட்ல தோல் மெல்லிசா, கையில கனமா இருக்கறதைப் பொறுக்குங்க. சாறை எண்ணிக்கையில கணக்குப் போடாதீங்க, மில்லியில அளங்க. நம்ம பழம் ரெண்டு மூணு பிழிஞ்சாத்தான் அவங்க ஒரு பழத்துச் சாறு வரும். ரொம்ப அழுத்திப் பிழியவும் வேண்டாம், கசப்பு இறங்கிடும். இன்னொண்ணு, பிழிஞ்ச கையோட மொட்டை மாடி வெயில்ல நிக்காதீங்க. எலுமிச்சைச் சாறு பட்ட தோல்ல வெயில் அடிச்சா, தீக்காயம் மாதிரி கொப்புளம் வரும். சோப்புப் போட்டுக் கழுவிடுங்க.

சிரப்புக்கு நாட்டுச் சர்க்கரை ஒரு கப், தண்ணி ஒரு கப். கரையற அளவுக்குச் சூடு பண்ணுங்க, பாகு காய்ச்ச வேண்டாம். மண், தூசி இருக்கும், கட்டாயம் வடிகட்டணும். வெள்ளைச் சர்க்கரையிலயும் செய்யலாம், ஆனா அந்தக் கரும்பு வாசம் வராது.

ரம்? மார்த்தினிக்ல கரும்புச் சாறையே புளிக்க வெச்சு வடிக்கறாங்க. 1996-லிருந்து அதுக்கு பிரான்ஸோட அதிகாரபூர்வத் தர முத்திரையும் இருக்கு. நம்ம ஊர் ரம் பெரும்பாலும் மொலாசஸ்ல செய்யறது. அதனால வெள்ளை ரம் எடுங்க. டார்க் ரம்மோட வெல்ல வாசம் நல்லாத்தான் இருக்கும், ஆனா எலுமிச்சையை அமுக்கிடும்.

அங்கே ஐஸ் இல்லாம சின்ன கிளாஸ்ல குடிக்கறதுதான் வழக்கம். மே மாசப் பாண்டியில அது முடியற காரியமா? நான் நீட்டிக்குவேன். உயரமான கிளாஸ்ல சிரப் 20 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லி, ரம் 45 மில்லி. பழத்தோட கன்னத்துல இருந்து ஒரு சின்ன வில்லை சீவி, தோலோட கிளாஸ் மேல நசுக்கிப் போடுங்க. வாசனை எல்லாம் அந்தத் தோல் எண்ணெயில்தான். ஒரு சிட்டிகை உப்பு. நம்ம வீட்டு ஜூஸ்ல போடற அதே உப்புதான், கசப்பைக் குறைக்கும். கிளாஸ் நிறைய ஐஸ், மேல சோடா.

இப்போ குடிக்காதவரோட கிளாஸ். ரோட்டோரம் இஞ்சி, எலுமிச்சை வெச்சுப் பிழிஞ்சு தர்றாங்களே கரும்புச் சாறு, அதை ஐஸ் போடாம பார்சல் வாங்கிட்டு வாங்க. 100 மில்லி ஊத்தி, அதே எலுமிச்சை, அதே வில்லை, உப்பு, ஐஸ், சோடா. சிரப் வேண்டாம். அதே மேசை, அதே கிளாஸ். யார் கிளாஸ்ல என்னன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல, 'ஒரே ஒரு பெக்'னு கெஞ்சவும் வேண்டியதில்ல. உண்மையைச் சொன்னா, ரெண்டுல எனக்கு இதுதான் ருசி. ஆனா சாறு பிழிஞ்ச ஒரு மணி நேரத்துக்குள்ள குடிச்சிடணும்.

கார் ஓட்டறவருக்கும் இதே கிளாஸ்தான். நம்ம சட்டத்துல வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால். இங்க கிடைக்கற ரம் வழக்கமா 42.8 சதவீதம். 45 மில்லியில சுமார் 15 கிராம் ஆல்கஹால் இருக்கு. 60 கிலோ எடை உள்ளவர் அந்த ஒரு கிளாஸ்லயே வரம்பைத் தாண்டிடலாம். எலுமிச்சை சேர்த்தா இறங்கிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. புளிப்பு நாக்கைத்தான் ஏமாத்தும்.

புதுச்சேரியில சட்டப்படி 18 வயசு, தமிழ்நாட்டுல 21. மிச்ச பாட்டிலை டிக்கியில போட்டுட்டு பார்டர் தாண்டாதீங்க, செக்போஸ்ட்ல பதில் சொல்ல வேண்டி வரும். மிச்ச சிரப்பைத் தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஃப்ரிட்ஜ்ல ரெண்டு வாரம் தாங்கும்.