பேரேடு இல்லாத சாவுகள்

(கட்டாய உழைப்பின் எச்சங்கள் குறித்துத் திருப்பூரில் நடைபெறும் ஆய்வுக் கருத்தரங்கின் தலைமை உரை)



கட்டாய உழைப்பு முகாம் என்றதும் ஆய்வுலகம் முதலில் சோவியத் நாட்டைத்தான் நினைக்கும். அது நியாயமே. சலெகார்டிலிருந்து இகார்க்கா வரை வடதுருவ வட்டத்தை ஒட்டிக் கைதிகளைக் கொண்டு 1947இல் ஒரு ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். 1953இல் ஸ்டாலின் இறந்ததும் வேலை நின்றுபோயிற்று. துருப்பிடித்த இன்ஜின்களும் சரிந்த மரக் கொட்டடிகளும் இன்னும் அங்கே கிடக்கின்றன. பெர்ம்-36 என்ற முகாமை ஆர்வலர்கள் பாடுபட்டு அருங்காட்சியகமாக்கினார்கள். அரசு அதைத் தன் கைக்குள் கொண்டுவந்த பிறகு அங்கே சொல்லப்படும் கதை மாறிவிட்டது. மாண்டவர்களின் பெயர்களைத் திரட்டிவந்த 'மெமோரியல்' அமைப்பைக் கலைக்கும்படி 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. கட்டடத்தைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, பெயர்களையும் காப்பாற்ற வேண்டும் என்பதை அந்த நாட்டின் அனுபவம் நமக்குச் சொல்கிறது.

தமிழர்களுக்கும் ஒரு மரண ரயில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் சயாம் என்றழைக்கப்பட்ட தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை போட்டது. 1942 ஜூனில் தொடங்கிய வேலை 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் இணைந்ததோடு முடிந்தது. நேச நாடுகளின் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள்; 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் பேர் அளவுக்கு இருந்தார்கள். அவர்களில் மாண்டவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த நம் தமிழர்கள்.

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு வடமேற்கே 'நரகத்தீக் கணவாய்' என்று கைதிகள் பெயரிட்ட இடம் ஒன்று இருக்கிறது. மலையைப் பிளந்து பாதைக்கு வழி செய்த இடம். ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். துளை ஆழமானதும் வெடி வைப்பார்கள். சிதறிய கல்லைக் கூடையில் அள்ளிக் கொட்டுவார்கள். இரவில் மூங்கில் பந்த வெளிச்சத்திலும் வேலை நிற்கவில்லை. பாறைச் சுவரில் அந்தத் துளைகளின் தடம் இன்றும் தெரிகிறது. துளைக்குள் மாட்டி ஒடிந்த உளித்துண்டுகூட அப்படியே இருக்கிறது. ஆஸ்திரேலிய அரசு 1998இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் அமைத்தது.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. மிகப் பெரும்பாலானவற்றில் இறந்தவரின் பெயர் பொறித்திருக்கிறது. அந்த வரிசைகளில் நம் தோட்டத் தமிழர்கள் இல்லை. காரணம் என்ன? கைதிகளோடு அவர்களுடைய அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். உயிரைப் பணயம் வைத்து நாட்குறிப்பும் இறப்புப் பதிவும் எழுதி ஒளித்துவைத்தார்கள். போர் முடிந்த கையோடு அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டுதான் புதைத்த இடங்களைத் தேடிப் பிடித்தார்கள். தமிழனுக்கு அதிகாரியும் இல்லை, மருத்துவரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது ஒரே குழியில் பலரைப் போட்டு மூடினார்கள். இறந்தவன் எந்தத் தோட்டத்து ஆள், யாருடைய அப்பன் என்று எழுதிவைக்க ஒருவரும் இல்லை. காகிதம் இருந்தவனுக்குக் கல்லறை கிடைத்தது. இல்லாதவனுக்குக் குழி மட்டுமே மிஞ்சியது.

அந்தக் குறையை மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் ஓரளவு நிரப்பினார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இல்லையென்றால் நம்மில் பலருக்கு இந்தச் செய்தியே எட்டியிருக்காது. காஞ்சனபுரியில் தமிழர்களுக்கு ஒரு நடுகல் எழும்ப 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள்!

இதையெல்லாம் திருப்பூரில் ஏன் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததை இந்த அவையில் பலர் நேரில் அறிவார்கள். புரோக்கர் கிராமத்துக்கு வருவார். மூன்று வருடம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும் என்பார். பதின்ம வயதுப் பெண் ஒரு தகரப் பெட்டியோடு மில் ஹாஸ்டலுக்கு வந்து சேருவாள். கேட்டைத் தாண்ட அனுமதி வேண்டும். வீட்டுக்குப் பேசவும் அனுமதி வேண்டும். உடம்பு முடியாமல் பாதியில் ஊர் திரும்பியதால், பேசிய தொகை கைக்கு வராமல் போனவர்கள் பலர்.

சைபீரிய முகாமும் சயாம் காடும் மில் ஹாஸ்டலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அளவிலும் கொடுமையிலும் அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு உண்டு. ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று, ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் வட்டாரத்தின் கடந்த முப்பது ஆண்டுகளை நாமே அளந்து பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சயாமில் நாம் இழந்தது இங்கே இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்தப் பெண்கள் உயிரோடு இருக்கிறார்கள். இன்று நாற்பது வயதுத் தாய்மார்கள். கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத் தாள், சம்பளச் சீட்டு, கேட் பாஸ், ஹாஸ்டல் வருகைப் பதிவேடு, இ.எஸ்.ஐ. அட்டை எல்லாம் எங்கோ ஒரு பெட்டியின் அடியில் கிடக்கின்றன. மூடிய மில்களின் ஹாஸ்டல்கள் குடோன்களாக மாறுவதற்குள், பழைய பேரேடுகள் எடைக்குப் போவதற்குள் நாம் போய்ச் சேர வேண்டும்.

ஆகவே இந்த அவைக்கு மூன்று வேண்டுகோள்கள். ஆய்வு மாணவர்கள் கட்டுரைக்குத் தேவையான மேற்கோளோடு நின்றுவிடாமல், அந்தப் பெண்களின் வாய்மொழியை அவர்களின் ஒப்புதலோடு முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும். தொழிற்சங்கங்கள் தம்மிடமுள்ள வழக்குக் கோப்புகளைக் கல்லூரி நூலகங்களில் ஒப்படைக்க வேண்டும். ஆலை உரிமையாளர்கள் பழைய பதிவேடுகளை அழிக்காமல் ஆய்வுக்குத் திறந்துவிட வேண்டும். நேர்மையாகத் தொழில் நடத்தியவருக்கும் அந்தப் பதிவேடே சாட்சி. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இப்போது இதே ஹாஸ்டல்களுக்கு வருகிற பெண்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் கண்ணெதிரே உழைத்தவர்களின் பெயர்களையாவது தவறாமல் எழுதிவைப்போம். இரண்டு நாள் விவாதமும் அந்த வேலைக்கு உதவட்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.