விண்ணில் ஒரு மயிலாப்பூர்ப் பெயர்

 

மயிலாப்பூரில், இன்று இராதாகிருட்டிணன் சாலை எனப்படும் பழைய எட்வர்டு எலியட்சு சாலையில் வளர்ந்த இளைஞர் ஒருவர், மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் தம் 19ஆம் அகவையில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பாதியைப் பெற்றார்; 1995இல் மறைந்தார். அமெரிக்கர் 1999 சூலை 23ஆம் நாள் விண்ணில் ஏவிய ஊடுகதிர்த் தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று அவர் பெயரையே சூட்டினர்.

ஊடுகதிர் யாது? மருத்துவமனையில் எலும்பைக் காட்டும் அதே கதிர்தான். விண்ணிலிருந்து வரும் ஊடுகதிரை நிலவுலகின் காற்றுப் போர்வை உறிஞ்சிவிடும். ஆதலின் அக்கருவி காற்றுக்கு மேலே நின்று நோக்குகிறது.

கோடி கோடி விண்மீன்கள் அடைந்து கிடக்கும் தொகுதியே பேரடை. பெரும் பேரடைகளின் நடுவே கருந்துளை உண்டு. அதனுள் வளி பாயுங்கால் கடுஞ்சூடேறி ஊடுகதிர் பிறக்கும். அத்தகைய பேரடையே கிளர்பேரடை. தூசுத்திரை கண்ணொளியை மறைத்தாலும், வன்மை மிக்க ஊடுகதிர் அதனைத் துளைத்து வெளிப்படும்.

வானியலார் பட்டியலில் 6240 என்னும் எண்ணுடைய பேரடை, 40 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இரு பேரடைகள் மோதிக் கலப்பதால் ஆனது அது. அதன் நடுவே ஒன்றன்று, இரண்டு கருந்துளைகள் கிளர்ந்து எரிவதைச் சந்திரா கண்டது. 2002இல் அச்செய்தி உலகறிந்தது. அவற்றிடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 3000 ஒளியாண்டு. பலகோடி ஆண்டுகள் கழித்து அவை ஒன்றாகும் என்பர்.

அவை ஏன் நெருங்குகின்றன? விடையின் ஒரு கூற்றைச் சந்திரசேகரே 1943இல் எழுதினார். விண்மீன் கூட்டத்தினூடே செல்லும் பெரும்பொருள், தன் ஈர்ப்பால் விண்மீன்களைத் தன் பின்னே திரட்டுகிறது. அத்திரள் அதனைப் பின்னிழுக்கிறது, விரைவு குன்றுகிறது, பொருள் நடுவை நோக்கித் தாழ்கிறது. இதுவே இயங்கு உராய்வு. அவர் கணக்கிட்ட உராய்வின் விளைவை, அவர் பெயர் தாங்கிய கருவியே கண்டது!

அவையோரே! அவர்தம் அன்னையார் சீதாலட்சுமி, நார்வே நாட்டு இப்சனின் நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர். அயல்நாட்டு நாடகத்தை அன்னை தமிழுக்குக் கொணர்ந்தார். மகனின் அறிவைத் தமிழுக்குக் கொணர்பவர் யார்? பெயர் வானில் ஒளிர, பொருள் தமிழ்ப் பிள்ளைக்கு எட்டாதிருப்பது பெருமையாகுமா?

தமிழால் இயலாது என்பாரும் உளர். ஊடுகதிர், பேரடை, கருந்துளை, உராய்வு என இங்குச் சொன்ன சொற்களுள் எது விளங்கவில்லை? ஊடுருவுவது ஊடுகதிர், உராய்வது உராய்வு. சொல்லே பொருளைச் சொல்லிவிடுகிறது. அயற்சொல்லை உருப்போடும் பிள்ளைக்கு இவ்வெளிமை வாய்க்குமா?

கோட்டூர்புரத்துக் கோளரங்கத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், திரும்பும் வழியில் இவ்வரலாற்றைத் தமிழில் சொல்லுக! ஆசிரியர், வகுப்பறையில் இச்சொற்களை எழுதுக! சொல் வழங்கினால் அறிவு வேரூன்றும்; அறிவு வேரூன்றினால் அடுத்த சந்திரசேகர் தமிழிலேயே சிந்திப்பார்.

வாழ்க தமிழ்! வளர்க அறிவியல்!