திறவாத ஏட்டுப்பெட்டி



ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனக்கே உரிய பொருளும் வழக்கமும் உண்டு. கவிராயர், வைத்தியர், சோதிடர் மரபினர் பலருடைய இல்லங்களில் அப்பொருள் ஏட்டுப்பெட்டி. சரசுவதி பூசையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் இடுவர், மலர் சாத்துவர், ஆனால் சுவடிக்கட்டை அவிழ்ப்பதில்லை.

முன்னோர் வழக்கம் இதுவன்று. ஓலை ஈரத்திற்கும் செல்லுக்கும் இரையாகும் என்பதை அவர்கள் அறிவர். ஆகவே சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்தனர். எழுத்து விளங்க மை தடவினர். காலப்போக்கில் படியெடுப்பது நின்றது. பூசை மட்டும் நிலைத்தது.

வேறு சில இல்லங்களில், ஆடிப்பெருக்கன்று பழஞ்சுவடிகளைச் சிறுதேரில் ஏற்றி ஆற்றில் விட்டனர். இதனை உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் குறித்துள்ளார். வீடுகளிலும் மடங்களிலும் அவர் தேடிப்பெற்ற ஏடுகளால் அன்றோ 1887இல் சீவக சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அவர் பதிப்பாக அச்சேறின!

பூசையைப் பழித்தல் வேண்டா. எறியாமல் போற்றிய பக்தியே பல சுவடிகளைக் காத்தது. எனினும், தொடக்கூடாதென்ற அதே பக்தி அவற்றைச் செல்லுக்கும் விட்டுக்கொடுத்தது.

இன்றும் திறவாத பெட்டி உடையோர், வரும் பூசைநாளில் கட்டை அவிழ்ப்பாராக. சுவடியைப் பிரிய மனமில்லையேல் ஒளிப்படம் எடுத்தேனும், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே.சா. நூலகம் போன்றவற்றை அணுகலாம். பாட்டனார் கையெழுத்தைப் பேரன் படிப்பதே அப்பெட்டிக்குச் செய்யும் உண்மையான பூசை.