நானே மாட்டிய விளக்குகள்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவன் நான். அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்தேன். பரவளைவு ஆடி ஒன்றின் குவியத்தில் ஒரு விளக்கை வைத்தால், அதன் கதிர்கள் ஆடியில் பட்டு இணை கதிர்களாக வெளியேறும் என்று கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. "உதாரணம்: மோட்டார் வண்டியின் முகப்பு விளக்கு" என்று எழுதிக்கொள்ளச் சொல்வேன். பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள். அந்த உதாரணத்தை நான் கையில் எடுத்துப் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். அப்போது நான் கற்றுக்கொண்டதையும், அதற்கு முன் நான் செய்த ஒரு பிழையையும் இன்று உங்களிடம் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

என் வீடு சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கிறது. தாங்கல் என்றால் சிறிய ஏரி. பெயரில் ஏரி இருந்தாலும் எங்கள் தெருவில் காதில் விழுவது கடைசல் இயந்திரங்களின் ஓசைதான். 1958-ஆம் ஆண்டில் அருகே கிண்டித் தொழிற்பேட்டை ஏற்பட்டதன் பயன் அது. 2015-ஆம் ஆண்டு முதல் நூறடிச் சாலையின் மேலே மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. ஆனால் தண்ணீர் தன் பழைய உரிமையை மறந்துவிடவில்லை. அதே 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி வந்தபோது, என்னுடைய பழைய மாருதி 800 கார் இரண்டு நாள் நீரில் நின்றது. இயந்திரத்தைச் சீர்ப்படுத்திவிட்டோம். விளக்குக் கூட்டுக்குள் புகுந்த ஈரத்தை மட்டும் எவரும் கவனிக்கவில்லை. வெள்ளிபோல் மின்ன வேண்டிய உட்புற ஆடி ஆண்டுக்கு ஆண்டு மங்கி, ஓரங்களில் துருப் பிடித்தது.

விளக்கு மங்கிய அதே காலத்தில் என் கண்ணும் மங்கத் தொடங்கியது. இருபது வயது இளைஞனின் விழித்திரையை அடைகிற ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரனின் விழித்திரையை அடைகிறது. பாவை சுருங்குகிறது, விழிவில்லை மஞ்சளாகிறது. ஆகவே இரவில் வண்டி ஓட்டும் முதியவன் முதலில் ஆசைப்படுவது 'இன்னும் கொஞ்சம் வெளிச்சம்' என்பதற்குத்தான். நானும் ஆசைப்பட்டேன். ஒரு கடையில் வெண்ணிற எல்.இ.டி. பல்புகள் இரண்டைக் காட்டி, "பகல் மாதிரி அடிக்கும் சார், பழசைக் கழற்றிட்டு இதைச் சொருகினால் போதும்" என்றார்கள். அரை மணி நேரத்தில் நானே சொருகிவிட்டேன். அன்றிரவு தெருக்கோடிவரை வெளிச்சம் போயிற்று. சுவர்களும் மரங்களும் மாடி ஜன்னல்களும் தெரிந்தன. எனக்கு ஒரே பெருமிதம்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் காரை வெளியே எடுத்தேன். எதிரே செய்தித்தாள் போடும் பையன் ஒருவன் சைக்கிளில் வந்தான். பதினைந்து வயதிருக்கலாம். அவன் ஒரு கையை உயர்த்திக் கண்ணை மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அடுத்த கணம் சைக்கிள் வளைந்து மழைநீர்க் கால்வாயின் விளிம்பில் மோதிக் கீழே சாய்ந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கை சிராய்த்திருந்தது, வேறு காயம் இல்லை. தாள்கள் தெருவெங்கும் சிதறிக் கிடந்தன. "என்னப்பா, பார்த்து வரக்கூடாதா?" என்று கேட்டேன். ஆசிரியனின் வாய்ப்பழக்கம், என்ன செய்வது! "ஒண்ணுமே தெரியல சார். எல்லாம் வெள்ளையா இருந்துச்சு" என்றான்.

எங்கள் தெருவில் மோட்டார் மின்சார வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார்; என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவர். அன்று மாலை அவரிடம் போனேன். அவர் பல்பைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் கேட்டார்: "சார், குவியம் குவியம்னு எங்களுக்குச் சொல்வீங்களே, இந்தப் பல்பு அதில் எங்கே உட்கார்ந்திருக்குதுன்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. இங்கேதான் மாணவர்களாகிய நீங்கள் சற்று ஊன்றிக் கேட்க வேண்டும். என் வண்டிக்கு உரிய பல்புக்கு எச்-4 என்று பெயர். அதனுள் இரண்டு இழைகள் உண்டு. பிரைட் விளக்குக்கு உரிய இழை குவியத்தில் இருக்கிறது. அது 60 வாட். டிம் விளக்குக்கு உரிய இழை 55 வாட். அது குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் அடியில் நகக்கண் அளவுள்ள ஓர் உலோகக் கிண்ணமும் இருக்கிறது. கீழ்நோக்கிச் செல்லும் கதிர்களைக் கிண்ணம் தடுத்துவிடுவதால், ஆடியின் மேற்பாதியில் மட்டுமே ஒளி படுகிறது. இழை குவியத்துக்கு முன்னால் இருப்பதால் அந்த ஒளி கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. சுவரில் அடித்துப் பார்த்தால், மேலே இருள், கீழே ஒளி, நடுவே கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை! இத்தனையும் சில மில்லிமீட்டர் கணக்கில் அமைந்தவை. நான் சொருகிய பல்பில் ஒளி பிறக்கும் பரப்பு வேறு, அதன் இடம் வேறு. ஆகவே அந்த ஆடிக்கு அதைச் சரிவரக் கையாளத் தெரியவில்லை. அகப்பட்ட திசையிலெல்லாம் ஒளியை வாரி இறைத்தது. மாடி ஜன்னல்கள் எனக்குத் தெரிந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மாடி ஜன்னலைப் பார்த்தா கார் ஓட்டுகிறோம்?

மெக்கானிக் தம்பி அத்துடன் விடவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ஆம் ஆண்டு வந்தவை. அவற்றின் 106-ஆம் விதி கூறுவது இது: விளக்குக்கு முன்னால் 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலப்புற ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண்கள் உள்ள ஒருவருக்குக் கண் கூசலாகாது. "அங்கே போய் நில்லுங்க சார்" என்றார். எட்டு மீட்டர் அளந்து நின்றேன். என் மனைவி உள்ளே அமர்ந்து ஸ்விட்சைப் போட்டாள். நேயர்களே, அந்தப் பையன் சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. விளக்கை அணைத்த பிறகும் வெகுநேரம் என் வீட்டுக் கதவின் சாவித்துவாரம் எனக்குத் தென்படவில்லை.

முன்பெல்லாம் நம் ஊரில் முகப்பு விளக்குகளின் கண்ணாடியில் கறுப்பு வட்டம் ஒன்று தீட்டியிருப்பார்கள். குழந்தையின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டுப் போல் அது இருக்கும். அதைப் பார்த்து இளமையில் நகைத்திருக்கிறேன். கூச்சத்தைக் குறைக்க அது ஒரு முரட்டு வைத்தியம் என்றாலும், எதிரில் வருபவரை நினைத்துச் செய்த வைத்தியம்.

பிறகு வேலையை முதலிலிருந்து தொடங்கினேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய் ஆடியும் கண்ணாடியும் சேர்ந்த புதிய விளக்குக் கூடுகள் இரண்டும், முறையான எச்-4 பல்புகளும் வாங்கினேன். இங்கே ஒரு எச்சரிக்கை. நாம் சாலையின் இடப்புறம் செல்பவர்கள். ஆகவே நம் விளக்கின் ஒளி எல்லை இடப்பக்கம் சற்று மேலேறி நடைபாதையைக் காட்ட வேண்டும். வலப்புறம் செல்லும் நாடுகளுக்காகச் செய்த கூட்டை வாங்கி மாட்டினால், அந்த ஏற்றம் எதிரில் வருபவரின் கண்ணுக்கு நேராக அமைந்துவிடும். இன்னொன்று: ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் மிகுதியாகச் சூடேறி, பல்பு விரைவில் கெட்டுவிடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்.

கூடு புதிது, பல்பு புதிது. ஆயினும் ஒளியில் ஏதோ சோர்வு தெரிந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தோம். இயந்திரம் ஓடும்போது பாட்டரியில் 13.8 வோல்ட், பல்பின் காலில் 12.1 வோல்ட். நடுவே 1.7 வோல்ட் எங்கே போயிற்று? என் வண்டியில் விளக்குக்குரிய மின்னோட்டம் முழுவதும் ஸ்டியரிங் அருகேயுள்ள ஸ்விட்சு வரை சென்று திரும்பி வந்தது. 55 வாட் பல்புகள் இரண்டு, 12 வோல்ட் என்றால் ஒன்பது ஆம்பியருக்கு மேல். மெல்லிய பழைய ஒயரிலும் தேய்ந்த ஸ்விட்சிலும் அவ்வளவு மின்னோட்டம் போகும்போது அழுத்தம் குறையத்தான் செய்யும். ஓம் விதி! இழை விளக்கில் மின்னழுத்தம் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால், ஒளி நூற்றுக்கு முப்பது குறைந்துவிடுகிறது. நான் கடையில் தேடிய வெளிச்சத்தில் ஒரு பங்கு என் வண்டியின் ஒயரிலேயே வீணாகிக்கொண்டிருந்தது.

இதற்குப் பரிகாரம் ரிலே. அது ஒரு சிறு மின்காந்தம். ஸ்விட்சிலிருந்து வரும் சிறு மின்னோட்டம் அதை இயக்க, அது பாட்டரியிலிருந்து பல்புக்கு நேர்வழியைத் திறந்துவிடுகிறது. அதன் கால்களில் எண்கள் பொறித்திருக்கும்: 30 பாட்டரியிலிருந்து, 87 பல்புக்கு, 85-ம் 86-ம் மின்காந்தத்துக்கு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு பொருத்தினோம். வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். 15 ஆம்பியர் ஃபியூஸ் பாட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னுள்ள ஒயர் எங்கேனும் உராய்ந்து தகட்டைத் தொட்டால் அதைக் காக்க ஒன்றுமில்லை, தீப்பற்றிவிடும். தகட்டில் ஒயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் போட நான் சோம்பினேன். தம்பி விடவில்லை. "பரீட்சையில் இதுக்கு மார்க் உண்டு சார்" என்றார்.

அடுத்தது பனிவிளக்குகள். திண்டிவனம் பக்கம் எங்கள் சொந்த ஊருக்கு மார்கழியில் விடியுமுன் புறப்பட்டுப் போவது எங்கள் வழக்கம். மதுராந்தகம் ஏரியை ஒட்டிய நெடுஞ்சாலையில் மூடுபனி கவிந்துகொள்ளும். அங்கே பிரைட் விளக்கைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும்புவதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். பனித்துளிகள் ஒளியை வாங்கி நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. பனிவிளக்கைப் பம்பருக்குக் கீழே தாழ்த்தி மாட்டுவதன் காரணம் இதுவே. ஒளி கண்ணின் பார்வைக் கோட்டிலிருந்து விலகி, அகன்று, தட்டையாகத் தரையோடு செல்கிறது; திரும்பி வருவது குறைகிறது.

மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிவந்தேன். வானம் நீலமாகத் தோன்றக் காரணம் காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பது. ஆகவே மஞ்சள் சிதறாமல் போகும் என்பது என் வாதம். ஆனால் மூலக்கூறு வேறு, பனித்துளி வேறு. துளியின் குறுக்களவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும்; ஒளியின் அலைநீளத்தைக் காட்டிலும் அது பல மடங்கு பெரிது. அவ்வளவு பெரிய துளி எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கிறது. மஞ்சளில் கண் கூச்சம் சற்றுக் குறைவதாகச் சிலர் உணர்வதுண்டு, அவ்வளவுதான். பிரான்ஸ் நாட்டில் 1993 வரை கார்களுக்கு மஞ்சள் விளக்கே சட்டம். பிறகு அதைக் கைவிட்டார்கள். என்னிடம் அதைத் தவறாகப் படித்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டால் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. தயாரித்தவர் தந்த அமைப்பை நம் விருப்பம்போல் மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வற்புறுத்தியிருக்கிறது. என் மாடலுக்கு உரிய கூடு, உரிய வாட், முகப்பு விளக்குக்குத் தாழ்ந்த பனிவிளக்கு என்ற வரம்புக்குள் நான் நின்றது அதனாலும்தான்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஆனால் உண்மையான வேலை சுவருக்கு முன்னால் இருக்கிறது. சக்கரங்களில் காற்றைச் சரிபார்த்து, சமதரையில், சுவருக்கு 5 மீட்டர் முன்னால் காரை நிறுத்தி, ஓட்டும் இடத்தில் ஓர் ஆளை உட்கார வைத்தோம். விளக்கின் நடுமட்டம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர். சுவரில் அதே உயரத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு. அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. ஒளி எல்லை கீழ்க்கோட்டில் நிற்கும்படி திருகைத் திருப்பினோம். நூற்றுக்கு ஒன்று என்ற இந்தச் சாய்வில் ஒளி 60 மீட்டர் தூரத்தில் சாலையைத் தொடுகிறது. அதே விளக்கைக் கிடைமட்டத்துக்கு ஒரே ஒரு பாகை மேலே தூக்கினால் என்ன ஆகும்? 50 மீட்டரில் அது 87 சென்டிமீட்டர் உயர்ந்து, தரையிலிருந்து ஒன்றரை மீட்டரை நெருங்கிவிடும். எதிரில் வருபவரின் கண் அங்கேதான் இருக்கிறது. திருகாணியின் சில சுற்றுக்கள்தான் வித்தியாசம்!

மீண்டும் எட்டு மீட்டர் அளந்து போய் நின்றேன். இம்முறை என் மனைவியின் முகம் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தது.

அந்த மார்கழியில் ஊருக்குப் புறப்பட்ட அன்று, தெருமுனையில் பேப்பர் பையன் எதிரே வந்தான். கையை உயர்த்தவில்லை. சைக்கிளை நிறுத்தி, "லைட்டைக் குறைச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டான். சாலையில் விழுந்த ஒளி எனக்கு முன்னைவிட அதிகம். அவனிடம் அதை விளக்க நேரமில்லை, "ஆமாம்ப்பா" என்றேன்.

மதுராந்தகத்தில் பனி இருந்தது. பனிவிளக்கைப் போட்டேன். சாலையோர வெள்ளைக்கோடு பத்துப் பதினைந்து மீட்டர் வரை தெளிவாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகத் துணியவில்லை. ஏரி தாண்டிச் சூரியன் எழுந்து பனி விலகியதும், "இனி அது எதற்கு, அணைத்துவிடுங்கள்" என்றாள் என் மனைவி. அணைத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தோம்.